கூடுவாஞ்சேரியும் கென்டக்கியும்

இந்தக் கட்டுரையில் சாராயம் காய்ச்சுவதைப் பற்றிச் சில வார்த்தைகள் வரப் போகின்றன. வீட்டில் எல்லோரும் கூடிப் படிக்கும் பத்திரிகையில் இப்படியும் ஒரு விஷயமா என்று நேயர்கள் முகம் சுளிக்க வேண்டாம். இதை எழுதுகிறவன் மோரும் காபியும் தவிர வேறு பானம் அறியாதவன். என்னுடன் பிரயாணம் செய்த நண்பரும் அப்படியே. ஆனாலும் ஒரு சாராயப் புட்டியைப் பற்றி எழுந்த பேச்சு, எங்கள் இருவரையும் கூடுவாஞ்சேரி ஏரிக்கரையிலிருந்து மகாபலிபுரத்துக் கடற்கரை வரையில் இழுத்துக் கொண்டு போய்விட்டது. போன வழியில் கண்டதையும் கேட்டதையும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

நண்பர் பிறந்து வளர்ந்தது கூடுவாஞ்சேரியில். முப்பது வருஷங்களுக்கு முன்பு உத்தியோகத்தின் நிமித்தம் அமெரிக்கா சென்றவர், கென்டக்கி என்னும் மாநிலத்தில் குடியேறி, அங்கேயே பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார். ஊரில் தகப்பனார் விட்டுச் சென்ற நாலு ஏக்கர் நன்செய் மட்டும் பாக்கி இருந்தது. அதை விற்றுவிடும் உத்தேசத்துடன் போன சித்திரை மாதத்தில் வந்து சேர்ந்தார்.

"விற்கிற காரியத்தைத் தரகர் பார்த்துக்கொள்வார். விற்பதற்கு முன்னால் ஒரு தடவை அந்தக் கரையில் நின்று பார்த்துவிட்டு வரவேண்டும். துணைக்கு நீங்களும் வாருங்கள்" என்றார். பழைய சிநேகம்; மறுக்க முடியவில்லை.

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம் தாண்டியதும் கூடுவாஞ்சேரி. ஐம்பது வருஷங்களுக்கு முன்பு இந்த வழியில் போனவர்களுக்கு ஜன்னலின் இரு புறத்துக் காட்சியும் ஞாபகம் இருக்கும். ஏரி, வயல், பனை. மறுபடியும் ஏரி, வயல், பனை. இன்று அந்த மூன்றையும் தேடித்தான் பார்க்க வேண்டும். அடுக்கு மாடி வீடுகளுக்கு நடுவே மனைப் பிரிவு விளம்பரங்கள் தெரிகின்றன. விளம்பரப் பலகைகளுக்கு நடுவே எப்போதாவது ஒரு வயல் தெரிகிறது. 2023-ம் வருஷத்துக் கடைசியில் பக்கத்துக் கிளாம்பாக்கத்தில் பெரிய பஸ் நிலையம் திறந்தார்கள். அது முதல் தென் ஜில்லாக்களுக்குப் போகிற ஜனங்களில் பெரும்பாலோர் இந்த ஊரின் வாசலைத் தொட்டுக்கொண்டுதான் போகிறார்கள்.

நகராட்சிப் பலகையில் நந்திவரம்–கூடுவாஞ்சேரி என்று இரண்டு பெயர்களும் சேர்ந்திருக்கும். ரயிலும் டிரங்க் ரோடும் பெரிதாக்கிய பெயர் கூடுவாஞ்சேரி. அதற்கு வெகு காலம் முந்தியது நந்திவரம். நந்திதேவர் வரம் பெற்ற தலம் என்பது ஐதீகம். நந்தீசுவரர் கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏரிக்கரைக்கு நடந்தோம்.

செங்கற்பட்டு ஜில்லாவில் வற்றாத ஜீவநதி எதுவும் கிடையாது. பாலாறு என்று பெயர் வைத்திருக்கிறோமே தவிர, வருஷத்தில் முக்கால்வாசி நாள் அது மணலாறுதான். ஆகையால் நம் முன்னோர் ஐப்பசி, கார்த்திகை மழையையே ஆறாகக் கொண்டார்கள். தாழ்ந்து செல்லும் நிலத்துக்குக் குறுக்கே பிறைச் சந்திரனைப்போல் மண்கரை போட்டு, மதகு வைத்து, மிகுந்த தண்ணீர் கலங்கல் வழியாக அடுத்த ஊர் ஏரிக்கு ஓடும்படி செய்தார்கள். இப்படி ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும் ஏரிகளே இந்த ஜில்லாவின் நதிகள். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகங்களுக்கும் இங்கே பெயர் உண்டென்றால் அது ஏரிகள் கொடுத்த வாழ்வு.

1763-ம் வருஷத்தில் ஆற்காட்டு நவாபு இந்தச் சீமையைக் கிழக்கிந்தியக் கும்பெனியாருக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்தார். பிறகு 1767 தொடங்கிச் சில வருஷங்கள், பர்னார்டு என்னும் இஞ்சினீயர் இங்கிருந்த ஏறக்குறைய 2,000 கிராமங்களை அளந்து கணக்கெடுத்தார். அந்தக் காலத்துக் கிராமக் கணக்கெல்லாம் பனையோலையில் இருந்தது. களத்தில் நெல் அளக்கும்போது கோயிலுக்கு இவ்வளவு, ஏரி மராமத்துக்கு இவ்வளவு, தச்சனுக்கும் கொல்லனுக்கும் இவ்வளவு என்று முதலிலேயே பங்கு ஒதுக்கிவிடுவார்களாம். நெல் ஒரு வீட்டின் சொத்து மாத்திரம் அல்ல. ஊரையே ஒன்றாகக் கட்டி வைத்திருந்த கயிறு.

அந்தக் கயிற்றின் கடைசிப் புரி ஒன்றைத்தான் அன்று என் நண்பர் அறுக்க வந்திருந்தார். கரையில் நின்று வெகு நேரம் பேசாமல் பார்த்தார். கீழே அவருடைய வயல். மூன்று பக்கமும் வீடுகள் வந்துவிட்டன. நாலாவது பக்கத்தில் வரப்போரமாக ஏழு பனைமரங்கள்.

"இதைப் பார்க்கும்போது எனக்கு ஷெல்பிவில் ஞாபகம் வருகிறது" என்றார்.

"அது யார்?"

"ஆள் இல்லை, ஊர். கென்டக்கியில் இருக்கிறது. அங்கேயும் பட்டணம் பக்கத்தில்தான். அங்கேயும் பண்ணை நிலத்துக்கு மனைக்காரர்கள் வலை வீசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் ஒரு குடும்பம் தங்கள் பண்ணையை விடாமல் வைத்துக்கொண்டிருக்கிறது. எப்படித் தெரியுமா? தங்கள் நிலத்துச் சோளத்தில் தாங்களே விஸ்கி காய்ச்சி விற்று!"

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். நல்ல வேளை, யாரும் இல்லை.

நண்பர் சொன்ன விவரம் இது. அமெரிக்காவில் 'பூர்பன்' என்று ஒருவகை விஸ்கி. அதற்குச் சட்டமே இலக்கணம் வகுத்திருக்கிறது. ஊறல் போடும் தானியத்தில் நூற்றுக்கு 51 பங்காவது மக்காச்சோளமாயிருக்க வேண்டும். வடித்த சாராயத்தை, உட்புறம் நெருப்பால் கரித்த புத்தம் புதிய ஓக் மரப் பீப்பாயில் அடைத்து வைக்க வேண்டும். நிறத்துக்கோ ருசிக்கோ வேறு எதையும் கலக்கக் கூடாது. இது அமெரிக்காவுக்கே உரிய சரக்கு என்று அந்நாட்டுக் காங்கிரஸ் சபை 1964-ல் தீர்மானமே நிறைவேற்றியது. பெரிய ஆலைகள் சோளத்தை ரயில் ரயிலாக வாங்கிக் காய்ச்சுகின்றன. ஆனால் சமீப காலத்தில், தன் வயலில் தானே விளைத்துத் தானே வடிக்கும் சிறு பண்ணைகள் பல கிளம்பியிருக்கின்றன. ஷெல்பிவில்லில் 2016-ல் திறந்த 'ஜெப்தா கிரீட்' என்னும் பண்ணை அவற்றில் ஒன்று. தாயும் மகளுமாக நடத்துகிறார்கள். ரத்தம் தோய்ந்ததுபோல் சிவந்திருப்பதால் 'கசாப்புக்காரன்' என்று பெயர் பெற்ற ஒரு பழைய ஜாதி மக்காச்சோளத்தை அவர்களே பயிரிடுகிறார்கள். வாங்குகிறவன் புட்டியோடு அந்த வயலின் கதையையும் வாங்கிக்கொண்டு போகிறான்.

"சோளத்தை மூட்டையாக விற்றால் உழுத கூலி தேறாது. புட்டியாக விற்கிறபோது நிலத்துக்கே மரியாதை வந்துவிடுகிறது. நம் நெல்லில் அப்படி ஒன்று செய்ய முடிந்தால் இந்த நாலு ஏக்கரை ஏன் விற்க வேண்டும்?" என்று நண்பர் கேட்டார்.

கேள்வி விபரீதமானதுதான். ஆனால் கேட்டவர் குடிகாரர் அல்ல. நிலத்தை இழக்கப் போகிறவர். ஆகையால் யோசித்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

தானியத்தைச் சாராயமாக்கும் வழக்கம் அமெரிக்கக் குடியானவனிடம் வேர் விட்டதற்குக் காரணம் உண்டு. மலைக்கு அப்பால் குடியேறியவனுக்குச் சந்தை வெகு தூரம், ரோடு கிடையாது. ஒரு பொதிகுதிரை நாலு புஷல் தானியந்தான் சுமக்கும். அதையே சாராயமாக்கிவிட்டால் 24 புஷல் தானியம் ஒரே குதிரையின் முதுகில் ஏறிவிடும். 1791-ல் சர்க்கார் இந்தச் சாராயத்துக்கு வரி போட்டது. 1794-ல் மேற்குப் பென்சில்வேனியாவின் குடியானவர்கள் கலகம் செய்தார்கள். ஜனாதிபதி வாஷிங்டன் சுமார் 13,000 பேர் கொண்ட படையைத் திரட்டிக்கொண்டு கிளம்பினார். கலகம் அடங்கிற்று. வேடிக்கை என்னவென்றால், பதவியிலிருந்து இறங்கிய அதே 1797-ல் வாஷிங்டனே தமது மவுண்ட் வெர்னன் பண்ணையில் சாராயம் காய்ச்சத் தொடங்கினார்! 1799-ல் மட்டும் ஏறக்குறைய 11,000 காலன் வடித்ததாகப் பண்ணைக் கணக்கு இருக்கிறது. ஊறலின் சக்கை அவருடைய பன்றிகளுக்கும் மாடுகளுக்கும் தீனியாயிற்று. அடுப்படியில் வெந்தவர்கள் அடிமைகள் என்பதையும் மறக்கக் கூடாது.

"அங்கே சந்தை தூரமாயிருந்ததனால் தானியம் சாராயமாயிற்று. இங்கே கதை தலைகீழ். சந்தை நம் வாசலுக்கே வந்துவிட்டது; ஆனால் அதற்கு வேண்டியது நெல் அல்ல, நிலம்" என்றேன்.

இன்னொன்றும் சொன்னேன். கூடுவாஞ்சேரியில் நெல்லை ஊறப் போட்டு ஒரு படி சாராயம் வடித்தால், அடுத்த பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவது போலீஸ்காரராகத்தான் இருக்கும். இந்த நாட்டில் அந்தச் சட்டத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு.

வெள்ளைக்காரர் ஆட்சியில் 1886-ல் சென்னை ஆப்காரிச் சட்டம் வந்தது. குடியானவனுக்குத் தன் மரத்துக் கள்ளின்மேல் இருந்த பாத்தியதை அத்துடன் போயிற்று. மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம், ஏலம் எடுத்தவன் லாபம் காண வேண்டுமானால் ஊரார் இன்னும் அதிகமாகக் குடிக்க வேண்டும். மாகாணத்து வருமானத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இந்த வழியில் வந்துகொண்டிருந்தது. ஏழையின் கூலியை மாலையில் கள்ளுக்கடையில் வாங்கி, அதில் ஒரு பகுதியைக் கொண்டு அவன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் நடத்துவது என்ன தர்மம் என்று காந்தியடிகள் கேட்டார். ராஜாஜி திருச்செங்கோட்டு ஆசிரமத்திலிருந்து 1929-ல் மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்னும் பத்திரிகை தொடங்கினார். கல்கி அதில் கூட இருந்து உழைத்தார். பிரதம மந்திரியானதும் ராஜாஜி 1937 அக்டோபர் 1-ந் தேதி சேலம் ஜில்லாவில் கடைகளை மூடினார். போன வருமானத்துக்கு ஈடாக 1939-ல் விற்பனை வரி வந்தது. யுத்த காலத்தில் மதுவிலக்கு நின்றுபோயிற்று. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் மந்திரிசபை 1948 அக்டோபர் 2-ல் மாகாணம் முழுவதுக்கும் அதை விஸ்தரித்தது.

பிறகு நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1971-ல் மதுவிலக்கு ஒத்திவைக்கப்பட்டது. மறுபடி வந்தது, மறுபடி போயிற்று. 1983-ல் மது மொத்த வியாபாரத்துக்கென்று அரசாங்கமே ஒரு கழகம் வைத்தது; 2003 முதல் சில்லறைக் கடையும் அதனுடையதே. இடையில் 1987 முதல் கள் அடியோடு தடை செய்யப்பட்டது. 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. தன் மரத்தில் இறக்கியதை ஒருவன் புளிக்க வைத்தால் குற்றம். சர்க்கார் கடையில் போய் வாங்கினால் குற்றமில்லை. அந்தக் கடையில் விஸ்கி என்ற பெயரில் விற்பதில் பெரும் பகுதிக்குத் தானிய வாசனையே கிடையாது. சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப் பாகில் வடித்த சாராயத்தைச் சேர்த்துச் செய்வது அது.

"அப்படியானால் நம் தேசத்தில் தானியத்தில் விஸ்கி செய்கிறவர்களே இல்லையா?" என்றார் நண்பர்.

இருக்கிறார்கள். 1948-ல் பெங்களூரில் ஏற்பட்ட அம்ருத் ஆலையார், வட இந்தியாவில் விளைந்த பார்லியை முளைகட்டி வடித்த விஸ்கியை 2004-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக்கே கொண்டுபோய் முதன்முதலில் விற்றார்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான்! விலையும் போயிற்று. ஆனால் அதிலும் ஒரு சங்கடம். பீப்பாயில் வைத்த சாராயம் சும்மா இருப்பதில்லை. மரத்தின் வழியாக ஆவியாகிக் கொண்டே இருக்கும். ஸ்காட்லாந்துக் குளிரில் வருஷத்துக்கு நூற்றுக்கு 2 பங்கு போகிறது. பெங்களூரில் 10 பங்குக்கு மேல் போகிறதாம். தேவதைகள் குடிக்கும் பங்கு என்று இதற்கு அங்கே பெயர். செங்கற்பட்டுக் கத்திரி வெயிலில் பீப்பாய் வைத்தால் தேவதைகள் குடித்தது போக நமக்கு ஈரம்தான் மிஞ்சும்!

நண்பர் சிரித்தார். "எப்படியும் இது நமக்குச் சொந்தமில்லாத வித்தை என்கிறீர்கள்."

அங்கேதான் நான் அவரை மறுத்தேன். இந்த வித்தை நமக்குப் புதியது அல்ல. அதுவும் இந்தத் தொண்டை நாட்டுக்கே புதியது அல்ல. பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியில் அரசாண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. உ. வே. சாமிநாதையர் 1889-ல் பத்துப்பாட்டை அச்சிட்டிராவிட்டால் நாம் அதை அறிந்திருக்க மாட்டோம். ஏழைப் பாணன் ஒருவனுக்கு இந்த நாட்டு வழியை ஒவ்வோர் ஊராகச் சொல்லிக்கொண்டு போகிறது பாட்டு. வலைஞர் குடியிருப்பு வந்ததும் அவர்கள் வீட்டில் கிடைக்கும் பானத்துக்குப் பக்குவமே சொல்லிவிடுகிறார் புலவர். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவ வேண்டும். அகன்ற தட்டில் ஆற்ற வேண்டும். நெல் முளையை இடித்துக் கலக்க வேண்டும். இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைக்க வேண்டும். விளைந்ததும் விரலால் அலைத்துப் பிழிந்து, சுட்ட மீனோடு விருந்தாளிக்குக் கொடுக்க வேண்டும்.

முளைகட்டிய தானியம் மாவைச் சர்க்கரையாக்கும். சர்க்கரை புளித்துப் போதையாகும். கென்டக்கிக்காரர் சோளக் கஞ்சியில் பார்லி முளையைக் கலப்பதும் அதற்காகத்தான். அவர்கள் அதற்குமேல் அடுப்பேற்றி ஆவியாக்கி வடிக்கிறார்கள். நம் வலைஞர் ஊறவைத்துப் பிழிந்ததோடு நின்றார்கள். அதே பாட்டில் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகம் வருகிறது. கள் சமைக்கும் பெண்கள் வட்டில் கழுவிய தண்ணீர் ஓடிச் சேறான இடத்தில் பன்றிகள் புரள்கின்றன. வாஷிங்டன் பண்ணைக்கும் நீர்ப்பெயற்றுக்கும் நடுவே ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல் தூரம் இருக்கிறது. பன்றிகளுக்கு அது தெரியாது.

"நீர்ப்பெயற்று எங்கே இருந்தது?" என்றார் நண்பர்.

"மகாபலிபுரந்தான் என்று கருதும் ஆராய்ச்சியாளர்கள் உண்டு. உயர்ந்த மாடத்தில் இரவெல்லாம் எரியும் கலங்கரை விளக்கத்தைப் புலவர் பாடியிருக்கிறார்."

"அப்படியானால் போய்ப் பார்த்துவிடுவோம்" என்று அப்போதே ஒரு வாடகைக் காருக்குக் குரல் கொடுத்துவிட்டார். அமெரிக்காவில் இருந்தவர்களுக்கு எதற்கும் யோசனை கிடையாது.

கூடுவாஞ்சேரியிலிருந்து கிழக்கே நெல்லிக்குப்பம் ரோடு பிரிகிறது. பெரிய ரோட்டின் இரைச்சல் பின்னால் தேய்ந்ததும் காயரம்பேடு தாண்டி இன்னும் கொஞ்சம் வயலும் காடும் தென்படுகின்றன. திருப்போரூரை நெருங்க நெருங்கப் பனைகள் கூட்டம் கூட்டமாய் நிற்கின்றன. இதுவும் பொருத்தந்தான். பதினேழாம் நூற்றாண்டில் சிதம்பர சுவாமிகள் இங்கே பனங்காட்டில் மறைந்திருந்த கந்தசுவாமியைக் கண்டெடுத்துக் கோயில் எழுப்பினார் என்பது வரலாறு.

அந்தப் பனைகளின் நிழலில் ஒரு பெரியவர் பானையுடன் உட்கார்ந்திருந்தார். பதநீர். காரை நிறுத்தினோம். ஓலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தார். அந்த வெயிலில் அதன் தித்திப்பை எழுத்தில் சொல்ல எனக்குச் சாமர்த்தியம் போதாது.

நண்பர் அவரிடம் பேச்சுக் கொடுத்தார். நெஞ்சிலும் முழங்கையிலும் மரம் உராய்ந்து காய்த்துப்போன உடம்பு. எழுபது வயதுக்குக் குறையாது. மாசியிலிருந்து ஆனி வரையில் தினம் இரண்டு வேளை ஏறுகிறாராம். இளம் பாளையை மர இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்தி, அதன் நுனியை மெல்லிய வில்லையாகச் சீவிவிட்டுக் கலயத்தைக் கட்ட வேண்டும். ஒரு வேளை சீவ மறந்தால் பாளை அடைத்துக்கொள்ளும்.

"கள்ளுக்கும் இதுக்கும் மரம் வேறேயா, தாத்தா?" என்று நண்பர் கேட்டார்.

பெரியவர் பக்கத்திலிருந்த காலிக் கலயத்தைத் தூக்கி அதன் உள்புறத்தைக் காட்டினார். வெள்ளையாய்ச் சுண்ணாம்பு பூசியிருந்தது.

"மரம் ஒண்ணுதான், தம்பி. பாளையும் ஒண்ணுதான். சுண்ணாம்பு தடவினா பதனி. தடவாட்டி மத்தியானத்துக்குள்ளே கள்ளு. இவ்வளவுதான் வித்தியாசம்."

சாஸ்திரமும் அதையேதான் சொல்கிறது. பனஞ்சாற்றில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவில் சர்க்கரை இருக்கிறது. காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் அதைப் புளிக்க வைக்கின்றன. சுண்ணாம்பு அவற்றைத் தடுத்துவிடுகிறது. தடுத்த சாற்றைக் காய்ச்சினால் பனை வெல்லம். மதுவிலக்கு வந்தால் மரமேறிகள் பட்டினி கிடப்பார்களே என்ற கேள்விக்குக் காந்தியடிகள் கண்ட விடையும் இந்தச் சுண்ணாம்புதான். 1921-ல் ஈரோட்டு ஈ. வெ. ராமசாமி கள்ளுக்கு விடுவதில்லை என்று தமது தோப்பில் ஐந்நூறு தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். அது தியாகம், சந்தேகமில்லை. ஆனால் மரம் நிற்க வேண்டும், கலயம் மாற வேண்டும் என்பது காந்தி வழி. 1934-ல் வார்தாவில் ஏற்பட்ட கிராமக் கைத்தொழில் சங்கத்தில் நம் தஞ்சாவூர்க்காரராகிய ஜே. சி. குமரப்பா பனை வெல்லத்தை ஒரு தேசியத் தொழிலாகவே நடத்திக் காட்டினார்.

"உங்களுக்குப் பிறகு யார் ஏறுவார்கள்?" என்று கேட்டேன்.

"ஏறமாட்டாங்க. பையன் கம்பெனிக்குப் போறான்" என்றார். குரலில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை.

நண்பர் பட்டைக்கு அவர் கேட்ட காசைக் கொடுத்தார். பிறகு, கென்டக்கியில் அந்தச் சிவப்புச் சோளப் புட்டியின் விலையை இந்தப் பானையின் விலையோடு மனத்தில் ஒப்பிட்டுப் பார்த்தாரோ என்னவோ, வெகு நேரம் பேசவில்லை.

மகாபலிபுரத்துக்குப் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. பாறைமேல் ஒலக்கணேசுவரர் கோயில் நிற்கிறது. பல்லவர் கட்டிய இந்தக் கோயிலின் உச்சியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல்காரர்களுக்காக விளக்கு ஏற்றினார்கள். பிற்பாடு பக்கத்திலேயே கல்லால் தனிக் கோபுரம் கட்டினார்கள். இன்றைய விளக்கு அதிலேதான் சுழல்கிறது. கீழே கடற்கரையில் வலைஞர் படகுகள். பாட்டுக்காரப் பாணன் வந்தால் அடையாளம் கண்டுகொள்வான்.

அவன் கண்டுகொள்ள மாட்டாத ஒன்றும் இந்தக் கரையில் நடந்தது. 2023 மே மாதத்தில், இங்கிருந்து தெற்கே மரக்காணத்தை அடுத்த குப்பத்திலும், இதே செங்கற்பட்டு ஜில்லாவின் சில கிராமங்களிலும் விஷச் சாராயம் குடித்து இருபது பேருக்கு மேல் மாண்டார்கள். மறு வருஷம் ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேல் போயின உயிர்கள். அவர்கள் குடித்ததில் நெல்லும் இல்லை, பனையும் இல்லை. தொழிற்சாலைக்கென்று செய்த மெத்தனால். இரண்டு நாள் சாடியில் வைத்து விரலால் பிழிந்து விருந்தாளிக்குக் கொடுத்த வீட்டில் தொடங்கிய பாதை, எந்த வயலும் பெற்றிராத, யாருடைய கையும் அறியாத விஷத்தில் வந்து முடிந்திருக்கிறது.

நண்பரிடம் என் அபிப்பிராயத்தைச் சொன்னேன். "கென்டக்கியாரின் அடுப்பு நமக்கு வேண்டாம். தன் மனைவி தாலியைக் குடியில் தொலைத்தவர்கள் நிறைந்த நாடு இது. நாம் அதைக் கற்றுக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் அவர்களிடம் வேறொன்று இருக்கிறது. எந்த வயல், எந்த விதை, எவர் கை என்பதை வெட்கமில்லாமல் சொல்லி, அதற்கு விலை கேட்கிறார்கள். திருப்போரூர்ப் பெரியவரின் பதநீருக்கும் ஊர் இருக்கிறது, கை இருக்கிறது. கேட்பார்தான் இல்லை. தாலுகாவுக்கு நாலு பேர் அவர் பனை வெல்லத்தை அவர் ஊர்ப் பெயரோடு கேட்டு வாங்கினால், அவர் பையன் கம்பெனிக்குப் போகுமுன் ஒரு தடவை யோசிப்பான்."

"யோசிப்பானா?" என்றார் நண்பர்.

"அது எனக்கும் நிச்சயமில்லை. சோளம் நாலு மாதத்தில் விளையும். பனை பாளை விட வருஷம் பதினைந்தாவது ஆகும்."

"தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று என் பாட்டி சொல்வாள்" என்றார் அவர். கலங்கரை விளக்கின் ஒளி ஒரு சுற்று வந்து போயிற்று. "அந்த விஸ்கிக்காரர்களும் காத்திருக்கிறார்கள். பீப்பாயை அடைத்துவிட்டு நாலு வருஷம், ஆறு வருஷம். அந்தப் பீப்பாய்க்கு வெட்டும் ஓக் மரத்தை நட்டவன் எத்தனையோ தலைமுறைக்கு முந்தியவன். இன்றைக்கு நடுகிறவன் அதை வெட்டப் போவதில்லை."

மறு வாரம் அவர் கப்பலேறவில்லை, விமானம் ஏறினார். போவதற்கு முன் இரண்டு ஏக்கரை விற்றுவிட்டார். இரண்டு ஏக்கரை நிறுத்திக்கொண்டார். நிறுத்திக்கொண்டது பனைகள் நிற்கும் பக்கம். என் கையில் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து, "ஆவணியில் பனம்பழம் விழும். கொட்டை பொறுக்கி வரப்போரமாக நட்டுவிடுங்கள்" என்றார். அவருக்கு வயது அறுபத்திரண்டு. கணக்குப் போட்டுப் பார்த்து நான் சும்மா இருந்தேன்.

அவர் சொன்னபடி ஆவணியில் நாற்பது கொட்டை நடச் செய்தேன். 2021-ம் வருஷத்து வேளாண்மை வரவு செலவுத் திட்டத்தில், கலெக்டர் அநுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று அரசாங்கம் அறிவித்திருக்கிறது. ஆகவே முளைத்துவிட்டால் அவற்றுக்கு ஒரு காவலும் உண்டு.

பனங்கொட்டை முதலில் பூமிக்குள்ளேதான் போகிறது. கிழங்கு விட்டு, வேர் ஊன்றிக்கொண்ட பிறகே வெளியே தலை காட்டுகிறது. மாசி மாதத்தில் போய்ப் பார்த்தேன். விற்ற பக்கத்தில் அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். நிறுத்திய பக்கத்தில் குத்தகைக்காரன் நவரைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். வரப்போரத்தில் குனிந்து ஒவ்வொன்றாக எண்ணினேன். இருபத்துமூன்று இடத்தில், மடித்த விசிறிபோல், ஒற்றை ஓலை வந்திருந்தது.